ஆள் இருக்கும் மனை

வானத்தில் ஒரு இடத்தைப் பிடித்து வைத்துக்கொள்ள விஞ்ஞானி வேண்டாம். மூச்சு விடுகிற ஒரு ஆள் போதும். கிண்டலுக்குச் சொல்லவில்லை, சட்டமே அப்படித்தான் இருக்கிறது. அந்தச் சட்டத்தை எழுதிய புண்ணியவான்களில் ஒருவராவது என் கையில் கிடைத்தால், தூத்துக்குடி வெயிலில் ஒரு தகரப் பெட்டிக்குள் அவரை உட்காரவைத்துவிட்டுத்தான் பேசவே ஆரம்பிப்பேன்.

என் பெயர் ஹெலன் கொரேரா. கப்பல் தொழிலாளர்களுக்காக வழக்காடுகிற வக்கீல். சம்பளம் தராத முதலாளி, நடுக்கடலில் ஆட்களை அம்போ என்று விட்டுவிட்டு ஓடிய கம்பெனி, இவர்களோடு மல்லுக்கட்டுவதுதான் இத்தனை வருடமாக என் பிழைப்பு. இப்போது அதோடு விண்வெளியும் சேர்ந்துகொண்டது. கப்பலுக்கு ஆள் பிடித்த அதே ஏஜெண்டுகள்தான் மேலேயும் ஆள் அனுப்புகிறார்கள். ஆபீஸ் போர்டை மட்டும் மாற்றிக்கொண்டார்கள்.

அமலோற்பவம் என் அலுவலகத்துக்குள் வந்தபோது வெளியே செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நேரே வந்து போனை என் மூக்குக்கு முன்னால் நீட்டினாள்.

"வக்கீலக்கா, இந்த மூஞ்சியப் பாருங்க. இது அவுக மூஞ்சியா, நீங்களே சொல்லுங்க."

அவள் கணவர் சிலுவையை எனக்கு நன்றாகத் தெரியும். சரக்குக் கப்பலில் எஞ்சின் அறையில் எண்ணெய் போடுகிறவராக இருந்தார். ஒல்லியான முகம், குழிந்த கன்னம். போனில் தெரிந்த முகம் அப்பம் மாதிரி உப்பியிருந்தது. கழுத்து நரம்பு புடைத்துக் கிடந்தது. கண் இரண்டும் சிவந்து பாதிதான் திறந்திருந்தன.

"எடையில்லாத இடத்துல ரத்தம் தலைக்கு ஏறி நிக்கும், அமலி. முதல்ல கொஞ்ச நாள் எல்லாருக்கும் அப்படித்தான் இருக்குமாம்" என்றேன்.

"கொஞ்ச நாளாக்கா? பதினோரு மாசத்துக்குன்னு சொல்லிக் கூட்டிட்டுப் போனானுவ. அதுக்கு மேல நாலு மாசம் ஓடிருச்சு. கேட்டா கப்பல் இல்லங்கிறான். நேத்து பேசும்போது நெஞ்சு படபடன்னு அடிக்குதுன்னு சொன்னாக. பேச்ச பாதியில நிறுத்திட்டு மூச்சு வாங்குதாக."

"மேல அவருக்கு என்ன வேலை?"

"வேலையே இல்லக்கா. சும்மா இருக்கணும். அதான் வேலையாம். இதுக்கு எதுக்கு ஒரு மனுசன்? எனக்குப் புரியல."

எனக்குப் புரிந்தது. அவளுக்குப் புரிகிற மாதிரி சொன்னேன்.

"பைபாஸ் ரோட்டுல வில்லங்கமான நிலத்துல ஒரு தகர ஷெட் போட்டு, ஒரு வாட்ச்மேனக் குடிவச்சிருப்பானுவல்ல? பாத்திருக்கியா?"

"பாத்திருக்கேன். நாலு கோழிகூட நிக்கும்."

"அதேதான். பூமிக்கு மேல ஒரு வளையம் இருக்கு. அதுல நிறுத்துற எதுவும் நம்ம தலைக்கு நேரா அப்படியே நிக்கும். அதனால அங்க இடத்துக்கு ஏகப்பட்ட கிராக்கி. பணக்காரக் கம்பெனியெல்லாம் செத்துப்போன செயற்கைக்கோள நிறுத்தி இடம் பிடிச்சானுவ. அதைத் தடுக்கணும்னு எல்லா நாடும் கூடி உக்காந்து, மனுசன் குடியிருக்கிற இடம்தான் பயன்பாட்டுல இருக்கிற இடம், மத்ததெல்லாம் காலின்னு ஒரு விதி போட்டாங்க. நல்ல எண்ணத்துலதான் போட்டாங்க."

"அதனால?"

"அதனால, இருக்கிறதிலயே மலிவான மனுசனத் தேடுனானுவ."

அமலி போனில் தெரிந்த முகத்தை ஒருமுறை விரலால் துடைத்தாள். பிறகு, "அந்த வாட்ச்மேனுக்காவது நாலு கோழி இருக்கும் பேச்சுத் துணைக்கு" என்றாள்.

*

கம்பெனியின் பெயர் விண்மனை ப்ராப்பர்டீஸ். பெயரைப் பாருங்கள், கொழுப்பை! பைபாஸ் ரோட்டில் கண்ணாடி மாளிகை. உள்ளே குளிரில் பல் கிட்டித்தது. கௌதம் என்று ஒரு மேலாளர் வந்தார். சென்னைக்காரர், சிரித்த முகம். அந்தச் சிரிப்பைக் காலையில் சட்டையோடு சேர்த்து இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு வந்திருப்பார் போல.

"மேடம், ரிட்டர்ன் சீட் ரெடியாத்தான் இருந்துச்சு. கடைசி நேரத்துல ஒரு கஸ்டமர் ஜோடி ஹனிமூனுக்கு அந்த ட்ரிப்தான் வேணும்னு நின்னாங்க. மாத்து ஆளோட சீட்டும் சிலுவை சாரோட சீட்டும் அவங்களுக்குப் போயிடுச்சு."

"அவர் வரவேண்டிய சீட்ட வித்துட்டீங்க."

"அப்படிச் சொல்லாதீங்க மேடம், ரீஷெட்யூல் பண்ணோம்."

"சரி, அடுத்த கப்பல்ல இறக்குங்க."

"இப்போதைக்கு மாத்து ஆள ஏத்த எந்த ட்ரிப்லயும் சீட் இல்ல மேடம். மாத்து ஆள் இல்லாம இறக்கினா மனை காலின்னு ஆயிடும். பக்கத்து மனைக்காரன் ஓடிவந்து உட்கார்ந்துடுவான். உங்களுக்குத் தெரியாததா?"

"விண்வெளியில ஆபத்துல இருக்கிறவனை யாரா இருந்தாலும் மீட்டே ஆகணும்னு ஒப்பந்தம் இருக்கு. அது உங்களுக்குத் தெரியாததா?"

"ஆபத்துன்னு டாக்டர் சொல்லணும் மேடம். எங்க டாக்டர் சொல்லலையே." அதே இஸ்திரி போட்ட சிரிப்பு.

இந்த இடத்தில்தான் அவர் ஒரு காகிதத்தை மேசையில் நகர்த்தினார். 'நான் இங்கே வசிக்கவில்லை. கம்பெனியின் விருந்தினராகத் தங்கியிருக்கிறேன்' என்று சிலுவை ஒப்புக்கொள்ள வேண்டுமாம். ஒப்புக்கொண்டால் சீக்கிரம் ஏற்பாடு செய்வார்களாம். எப்போது என்று கேட்டேன். தேதி சொல்ல மாட்டார்களாம்.

காகிதத்தைப் பார்த்ததும் எனக்கு விஷயம் பிடிபட்டது. நம் ஊர் வீட்டு ஓனர் எவனும் பதினோரு மாதத்துக்கு மேல் அக்ரிமெண்ட் போட மாட்டான். வாடகைக்கு வந்தவன் வேரூன்றி உட்கார்ந்துவிடுவானோ என்ற பயம். விண்மனைக்காரர்களும் அதே புத்தியோடு அதே பதினோரு மாதம்தான் போட்டிருந்தார்கள். ஏனென்றால் அந்த விதியில் இன்னொரு வரி உண்டு: ஒரு வருடத்துக்கு மேல் விடாமல் குடியிருப்பவர் எவரோ, அந்த இடம் அவருக்கே. பிற்காலத்தில் மேலே குடியேறப்போகும் ஜனங்களைக் காப்பாற்ற எழுதிய வரி அது. ஹனிமூன் ஜோடியின் பணத்தைப் பார்த்த ஆசையில் இந்த அதிபுத்திசாலிகளுக்கு மாதக் கணக்கு மறந்துவிட்டது.

"விருந்தாளியா? விருந்தாளிக்கு நெஞ்சு வலிச்சா வீட்டுல கொண்டு விட மாட்டீங்களாய்யா?" என்று கேட்டுவிட்டு எழுந்தேன். என் குரல் வரவேற்பறை வரைக்கும் கேட்டிருக்கும். கேட்கட்டும்.

*

சிலுவையோடு பேசினேன். படத்தில் அவருக்குப் பின்னால் ஒரு குறுகலான குழாய் மாதிரி அறை தெரிந்தது. மிதந்து போகாமலிருக்க உடம்பைப் படுக்கையோடு கட்டிப் போட்டிருந்தார். பேண்டுக்குள் கால் இருக்கிறதா என்று சந்தேகமாக இருந்தது.

"கையெழுத்துப் போட்டா விட்டுருவானுவளாக்கா?"

"தேதி சொல்ல மாட்டேங்கிறான். போட்டுட்டா, அதுக்கப்புறம் உங்கள அவனுக்கு ஞாபகமே இருக்காது."

"அப்பப் போடல" என்றார். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "எனக்கு ஒண்ணும் வேண்டாம்க்கா. தரையில கால வச்சு நடக்கணும். அது போதும்."

அவர் அனுப்பிய நாடி, ரத்த அழுத்தம், ஸ்கேன் விவரங்களைப் பாளையங்கோட்டையில் இருக்கும் ஒரு இதய மருத்துவரிடம் காட்டினேன். அவர் பார்த்துவிட்டு கண்ணாடியைக் கழற்றினார். "இதயம் சுருங்கிட்டே வருதும்மா. கீழ இறங்கும்போது உடம்பு பல மடங்கு கனக்கும். இப்பன்னா தாங்குவார். இன்னும் ரெண்டு மாசம் போனா, இறக்குனாலும் உயிரோட இறக்க முடியாது." இதை எழுதிக் கொடுங்கள் என்றேன். கொடுத்தார். கம்பெனி அவரை 'வெளி மருத்துவர்' என்று ஒதுக்கிவிட்டது. அரசாங்கம் 'பரிசீலனையில் உள்ளது' என்று பதில் போட்டது. பரிசீலனையாம்! இவர்கள் பரிசீலித்து முடிப்பதற்குள் கருமாதியே முடிந்துவிடும்.

இரண்டு மாதம். அதற்குள் அவரைக் கீழே கொண்டுவர வேண்டும். வேறு எதுவும் எனக்கு முக்கியமில்லை.

அதனால் ஒரு காரியம் செய்தேன். சென்னையில் இருக்கும் சுற்றுப்பாதைத் தீர்ப்பாயத்தில், அந்த மனை சிலுவைக்கே சொந்தம் என்று வழக்குப் போட்டேன். மனைக்கு ஆசைப்பட்டா? நல்ல கதை! வாடகைக்காரன் வீட்டுக்கு உரிமை கொண்டாடுகிறான் என்று தெரிந்தால் எந்த ஓனரும் என்ன செய்வான்? ராத்திரியோடு ராத்திரியாகச் சாமானைத் தூக்கித் தெருவில் போடுவான். அதைத்தான் எதிர்பார்த்தேன். பயந்துபோய் அவரைப் பிடித்துக் கீழே தள்ளிவிடுவார்கள் என்று கணக்குப் போட்டேன்.

தள்ளவில்லை. மாத்து ஆள் இல்லாமல் தள்ளினால் மனையே போய்விடும் என்று அடம்பிடித்து வழக்கை நடத்தினார்கள். மூத்த வக்கீல்கள் நாலு பேர் வந்து என்னைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தார்கள். உயிர் விஷயம் என்று அவசர வழக்காக எடுத்துக்கொண்டதால், ஒரே மாதத்தில் நான் ஜெயித்துத் தொலைத்தேன்.

*

தீர்ப்பு வந்த அன்று எங்கள் தெருவில் வெடி போட்டார்கள். தமிழன் ஒருவனுக்கு வானத்தில் மனை. டிவிக்காரர்கள் அமலி வீட்டு வாசலில் குடையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். அமலி எல்லாருக்கும் ஒரே பதில்தான் சொன்னாள். "அவுக எப்ப வருவாக? அதச் சொல்லுங்க மொதல்ல."

எவரும் சொல்லவில்லை. ஏனென்றால் இப்போது அவர் வருவதில் எவருக்குமே விருப்பமில்லை. அவர் இறங்கினால் மனை காலி.

கௌதம் பூங்கொத்தோடு வந்தார். "மேடம், இனிமே சார்தான் எங்க ஓனர். நாங்க வாடகை தர்றோம். அவர் அங்க இருந்தா மட்டும் போதும்."

அமைச்சரின் செயலாளர் வந்தார். "இது நாட்டோட பெருமைம்மா. அந்த இடம் நம்ம கையில இருக்கிறது தேசத்துக்கே முக்கியம். மீட்புக் கப்பல் அனுப்பினா நாமே காலி பண்ணின மாதிரி ஆயிடும். கொஞ்சம் பொறுங்க. அவருக்கு விருது குடுக்கப்போறோம்."

இவர்களையெல்லாம் விடுங்கள், அந்நியர்கள். சிலுவையின் அண்ணன் மிக்கேல் வந்தான் பாருங்கள். தம்பிக்கு அவன் போட்ட போனை அமலி பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறாள். "எல, இன்னும் ஒரே ஒரு வருசம் பல்லக் கடிச்சுக்கிட்டு இருந்துருல. நம்ம தலைமுறைக்கே கஷ்டம் தீந்துரும்" என்றானாம்.

அமலி போனைப் பிடுங்கிவிட்டாள். "அப்ப நீங்க போய் இருங்க மச்சான். நான் வந்து வழியனுப்புதேன், மாலையோட" என்று சொல்லி அவனை வாசலுக்கு வெளியே விட்டுக் கதவைச் சாத்தினாளாம்.

எனக்கு அந்த வாரம் முழுவதும் சோறு இறங்கவில்லை. வெறும் கூலியாளாக இருந்தபோதாவது அவரை ஒரு கம்பெனிதான் பிடித்து வைத்திருந்தது. நான் அவரை ஓனராக்கிவிட்டேன். இப்போது ஊரே சேர்ந்து பிடித்து வைத்திருக்கிறது. என் கெட்டிக்காரத்தனத்தை உடைப்பில் போட! அந்த நேரத்தில் என் முன்னால் யார் வந்திருந்தாலும் அடித்திருப்பேன்.

அமலி மட்டும் கத்தவில்லை. ஒரு நாள் வந்து அமைதியாக உட்கார்ந்து கேட்டாள். "அக்கா, அந்த மனை அவுகளுக்குத்தான சொந்தம்? அவுக என்ன வேணா பண்ணலாமா?"

"பண்ணலாம். விக்கலாம், வாடகைக்கு விடலாம்."

"சும்மா விடலாமா?"

"எதுவும் பண்ணலாம்" என்றேன் எரிச்சலோடு. அவள் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள்.

*

விருது விழாவைப் பெரிய மைதானத்தில் வைத்தார்கள். பந்தல், தோரணம், சிலுவையின் படம் போட்ட பனியன். மேடையில் ஒரு பெரிய திரை. அதில் மேலேயிருந்து சிலுவை நேரலையில் தெரிவார், அமைச்சர் அவரோடு பேசுவார், உலகம் முழுக்கப் பார்க்கும். கௌதம் முன்வரிசையில் பட்டு வேட்டியில் உட்கார்ந்திருந்தார். அமலியையும் என்னையும் மேடையிலேயே ஒரு ஓரமாக உட்காரவைத்தார்கள்.

திரையில் சிலுவையின் முகம் வந்ததும் கூட்டம் விசிலடித்தது. அந்த முகத்தைப் பார்த்துமா விசிலடித்தார்கள்! உதடு நீலமாக இருந்தது. எனக்கு அந்த மைக்கைப் பிடுங்கி எல்லாரையும் வாய்க்கு வந்தபடி திட்டவேண்டும் போல வந்தது. அமலி என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"வானத்தில் வாழும் நம் மண்ணின் மைந்தரே, இந்த நாட்டுக்கு நீங்கள் சொல்ல விரும்புவது என்ன?" என்று அமைச்சர் கேட்டார்.

சிலுவை மூச்சைக் கூட்டிக்கொண்டு பேசினார்.

"எல்லாருக்கும் வணக்கம். இந்த மனை எனக்குச் சொந்தம்னு கோர்ட்டு சொல்லிருச்சு. சந்தோசம். இப்ப நான் இதக் காலி பண்ணுதேன். இன்னையிலேருந்து இது எனக்கும் சொந்தமில்ல, யாருக்கும் சொந்தமில்ல. மொதல்ல வந்து ஆள உக்கார வைக்கிறவன் எடுத்துக்கிடலாம்."

 அமைச்சரின் வாய் திறந்தபடி நின்றது.

"ஆனா ஒண்ணு. கதவு உள்பக்கம் தாழ் போட்டிருக்கேன். உடைச்சா இடமே பாழாயிரும். என்னைய ஏத்திக்கிட்டுக் கீழ போக சீட்டு வச்சிருக்கவனுக்குத்தான் தொறப்பேன். அவ்வளவுதான். அமலி, வச்சிருதேன்."

திரை கறுத்துவிட்டது. நான் திரும்பி அமலியைப் பார்த்தேன். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, "நாங்க ரெண்டு பேருமா யோசிச்சோம்க்கா. உங்ககிட்ட சொன்னா நீங்க சட்டம் பேசுவீக" என்றாள். கௌதம் பட்டு வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, போனில் கத்தியபடி வாசலைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தார்.

இத்தனை மாதமாகக் கப்பலே இல்லை என்று சத்தியம் செய்தார்களே, அந்த வானத்தில் மறுநாளே கப்பல்கள் முளைத்தன. ஒன்றல்ல, மூன்று. ஒரு மனிதன் சாகக் கிடந்தபோது அசையாத இரும்பெல்லாம் ஒரு காலி இடத்துக்காக முட்டி மோதிக்கொண்டு பறந்தது. த்தூ! டிவியில் அதைப் பந்தயம் மாதிரி வர்ணனை செய்தார்கள். எது முந்தும் என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். எதுவோ முந்தட்டும், எனக்கென்ன. ஆளை ஏற்றிக்கொண்டு வந்தால் சரி.

வந்தார். உயிரோடு வந்தார்.

*

ஆஸ்பத்திரியில் அவர் கட்டிலோடு கட்டிலாகக் கிடந்தார். ஒரு ஸ்பூனைத் தூக்கினால் கை நடுங்கியது. தலையணையிலிருந்து தலையை எடுக்க முடியவில்லை. ஆனால் இதயம் ஓடுகிறது, தேறிவிடுவார், நடக்கப் பல மாதம் ஆகும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அமலி கஞ்சியை ஊதி ஊதி ஊட்டிக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் சிரிப்பை அன்றுதான் முதல்முதலாகப் பார்த்தேன்.

முந்தி வந்த கப்பல் ககனநிலம் என்ற புதுக் கம்பெனியுடையது. நான் தோண்டிப் பார்த்தேன். புதுசாவது கத்தரிக்காயாவது, விண்மனையின் அதே முதலாளிகள். பெயரை மட்டும் மாற்றியிருந்தார்கள். என் வழக்கில் பட்ட சூட்டில் பாடமும் கற்றுக்கொண்டுவிட்டார்கள். இப்போது ஆறு மாத ஒப்பந்தம்தான்; மேலே போகிற ஆளிடம் ஏறும்போதே, 'எனக்கு எந்த உரிமையும் இல்லை' என்று கைரேகை வாங்கிவிடுகிறார்களாம்.

"விட மாட்டேன். இவனுவள ஒரு வழி பண்ணாம விட மாட்டேன்" என்று கட்டில் பக்கத்தில் நின்று கத்தினேன். நர்ஸ் எட்டிப் பார்த்தாள். "உங்க இடத்துல யார வச்சிருக்கானுவ, சிலுவை? பாத்தீங்களா?"

"பாத்தேன்க்கா." அவர் கஞ்சியை விழுங்கினார். "நம்ம பக்கத்துப் பையன்தான். பெரியதாழையாம். பேரு ரெமிஜியுஸ். கதவத் தொறந்ததும் அவன்தான் நின்னான். என் மூஞ்சியப் பாத்துப் பயந்துட்டான். உள்ள வராம அப்படியே மெதந்துக்கிட்டு நின்னான்."

"பாவம்" என்றாள் அமலி.

"கேப்டன் பின்னால நின்னு சத்தம் போடுதான். அவன் உள்ள போனாத்தான் என்னைய ஏத்துவானாம். இந்தப் பையன் என்னையே பாத்துக்கிட்டு, அண்ணே, ஆறு மாசத்துல விட்டுருவானுவளான்னு கேட்டான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

சிலுவை கண்ணை மூடிக்கொண்டார். கண்ணோரம் தண்ணீர் வழிந்து காதுக்குள் போனது.

"விட்டுருவானுவ தம்பி, நல்ல கம்பெனிதான், சோறெல்லாம் நல்லாருக்கும்னு சொன்னேன்க்கா. எனக்கு இது வேற சீக்கு, பயப்படாதேன்னேன். உண்மையச் சொன்னா அவன் உள்ள வரமாட்டான்ல. கைய நான்தான் புடிச்சு இழுத்தேன்."

அமலி கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "பொண்டாட்டி இருக்காளா அவனுக்கு?"

"இருக்கா. சட்டைப் பையில போட்டோ ஒட்டியிருந்துச்சு."

சொல்லிவிட்டு அவர் எங்களைப் பார்க்காமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்கப் பார்த்தார். உடம்பு கனத்தது. திரும்ப முடியவில்லை.